கால் இழந்த குழந்தை: பாசத்தில் நடக்கும் தவறுகள்

காரைக்குடிப் பக்கம் ஒரு பழைய வீட்டின் வளவில் அந்தப் பையனைப் பார்த்தேன். எட்டு வயது. முழங்காலுக்குக் கீழே கால் எடுத்து மூன்று வாரம் ஆகியிருந்தது. பாயில் மல்லாந்து கிடந்தான். வெட்டியது போக எஞ்சிய அந்தக் காலுக்கு அடியில் இலவம்பஞ்சுத் தலையணை, அதன்மேல் இன்னொன்று. "தொங்கினால் வலிக்கும் தம்பி" என்றார் அப்பத்தா. அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனாலும் முதல் தவறு அந்தத் தலையணைதான்.

தலையணைமேல் மடங்கியே கிடக்கும் முழங்கால் சில வாரங்களில் அப்படியே இறுகிவிடும். நீளாத முழங்காலில் செயற்கைக் கால் சரியாகப் பொருந்தாது. நாற்காலியில் நாள் முழுக்கக் காலைத் தொங்கவிட்டு உட்காருவதும் இதே கேடுதான். இடுப்பு இறுகாமல் இருக்க, நாளுக்கு இரண்டு மூன்று முறை குப்புறப் படுக்க வேண்டும். எட்டு வயதுக்காரன் சும்மா படுப்பானா? முன்னால் பல்லாங்குழியை வைத்தேன். அரை மணி நேரம் அசையவில்லை.

அடுத்தது கட்டு. கிரேப் பேண்டேஜ் என்னும் இழுபடும் கட்டுத்துணியை வளையம் வளையமாகச் சுற்றி, மேலே இறுக்கிவிடுகிறார்கள். நுனி வீங்கிக் குமிழாகிறது. 8 என்ற எண்ணின் வடிவில், நுனியில் இறுக்கமாகவும் மேலே போகப்போகத் தளர்வாகவும் சுற்ற வேண்டும். தோல் நீலம் பாய்ந்தால் உடனே அவிழ்த்துவிடுங்கள்.

காலையில் எண்ணெய் தேய்த்துச் செயற்கைக் காலை மாட்டாதீர்கள்; தோல் ஊறி உராயும். இரவில் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரமில்லாமல் துடைத்தால் போதும்.

பெரியவர்களுக்கு இல்லாத ஒரு சிக்கல் குழந்தைகளுக்கு உண்டு. எலும்பை இடையில் வெட்டிக் காலை எடுத்திருந்தால், அதன் நுனி முள்போல வளர்ந்து தோலைக் குத்தலாம். மூட்டோடு எடுத்த காலில் இது வராது. பிள்ளை திடீரென வலிக்கிறது என்று நடக்க மறுத்தால், "நேற்றுவரை நடந்தாய், இன்று என்ன நடிப்பு?" என்று அதட்டாமல் எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். செயற்கைக் காலும் ஒரு தடவையோடு முடியாது: ஐந்து வயதுவரை ஏறக்குறைய ஆண்டுக்கு ஒன்று, பன்னிரண்டுவரை இரண்டு ஆண்டுக்கு ஒன்று. அந்தச் செலவை முதல் நாளே கணக்கில் வையுங்கள்.

இல்லாத பாதம் அரிக்கிறது என்று பிள்ளை சொன்னால் நம்புங்கள். அது மூளை உணரும் உண்மையான உணர்வு. மந்திரித்துக் கயிறு கட்டத் தேவையில்லை.

நம் வீடுகளில் செருப்பு வாசலோடு நின்றுவிடும். 1968இல் உருவான ஜெய்ப்பூர் கால் என்னும் செயற்கைக் கால் வெறுங்காலோடு நடக்கவும் குத்தவைக்கவும் ஏற்றது. பொருத்துபவரிடம் இதைக் கேளுங்கள். ஈரமான ஆத்தங்குடித் தரைக்கல்லில் மட்டும் கவனம் தேவை. உயர்ந்த நிலைப்படியைத் தாண்டத் தூக்கிவிடாதீர்கள், அவனே தாண்டட்டும். பள்ளியையும் நிறுத்த வேண்டாம். உடற்குறை 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால், 6 முதல் 18 வயதுவரை இலவசக் கல்வி 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தந்த உரிமை.

அடுத்த முறை போனபோது பையன் பள்ளிக்குப் போயிருந்தான். தலையணை இரண்டும் அப்பத்தாவின் முழங்காலுக்குக் கீழே இருந்தன.