பெற்றோருக்கு லினக்ஸ் நிறுவித் தரும்போது நாம் செய்யும் தவறுகள்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லு இல்லாத கணினிகளில் விண்டோஸ் 11-ஐ முறைப்படி நிறுவ முடியாது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் மடிக்கணினியை அதற்காகக் காயலான் கடைக்குப் போட வேண்டியதில்லை. லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டால் இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும். ஆனால் லினக்ஸில் பல வகைகள் உண்டு, எந்த லினக்ஸ் என்பதில்தான் வீட்டுப் பெரியவர்களுக்கு உதவப் போகிறவர்கள் சறுக்குகிறார்கள். பயன்படுத்தப் போகிறவரை மறந்து, தமக்குப் பிடித்ததைப் போட்டுவிடுகிறார்கள்.

நானும் அப்படித்தான் செய்தேன். ஓய்வுபெற்ற ஆசிரியரான என் மாமாவின் கணினியில், ஓயாமல் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டிய வகையைச் சேர்ந்த ஒரு பதிப்பை நிறுவினேன். ஒரு புதுப்பிப்புக்குப் பிறகு வைஃபை நின்றுபோனது. மூன்று வாரம் கழித்து ஊருக்குப் போனபோதுதான் எனக்கே தெரிந்தது. “உனக்கு ஏன் தொந்தரவு என்று மூடி வைத்துவிட்டேன்” என்றார். கோளாறு வந்தால் பெரியவர்கள் பலர் குறை சொல்ல மாட்டார்கள், கணினியைத் தொடுவதையே விட்டுவிடுவார்கள். அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

பெரிய எண் கொண்ட பதிப்புதான் சிறந்தது என்று நினைப்பது இன்னொரு தவறு. லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவின் 24.04 நீண்டகால ஆதரவுப் பதிப்பு, 2029 வரை புதுப்பிப்புகள் வரும். அதற்குப் பின் வந்த 24.10-க்குக் கிடைத்தது வெறும் 9 மாத ஆதரவு. புதியவருக்கு எப்போதும் நீண்டகால ஆதரவுப் பதிப்புதான். காளி லினக்ஸ் பக்கம் போகவே வேண்டாம். அது பாதுகாப்புச் சோதனையாளர்களின் கருவிப்பெட்டி, தொடக்கநிலையினருக்கு ஏற்றதல்ல என்று அதன் ஆவணங்களே சொல்கின்றன.

என் பரிந்துரை லினக்ஸ் மின்ட். அதன் சின்னமன் பதிப்பில் பணிப்பட்டியும் மெனுவும் விண்டோஸில் பழகிய இடத்திலேயே இருக்கும். 4 ஜிபி ராம் மட்டுமே உள்ள கணினிக்கு அதைவிட இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு பொருந்தும். ஆனால் இயங்குதளம் எவ்வளவு இலகுவாக இருந்தாலும் உலாவி ராமை விழுங்கத்தான் செய்யும். பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்பகத்தைப் போட்டால் கிடைக்கும் வேகம் வேறு எதிலும் கிடைக்காது.

நிறுவும் முன், அவர் அந்தக் கணினியில் என்னென்ன செய்கிறார் என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். கணக்கு எழுத டேலி மென்பொருள் வேண்டுமென்றால் விண்டோஸை விட்டுவிட முடியாது, ஏனென்றால் டேலிக்கு லினக்ஸ் பதிப்பே இல்லை. தமிழில் தட்டச்சு செய்பவர் என்றால், தமிழ்99 பழகியவரா, தட்டச்சுப்பொறி அமைப்பு பழகியவரா என்று கேட்டு, அதே விசைப்பலகை அமைப்பை, பல மொழிகளில் தட்டச்சு செய்ய உதவும் எம்17என் வழியாக அமைத்துக் கொடுங்கள். வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்புகள், அந்த எழுத்துரு இல்லாவிட்டால் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். அதைப் பார்ப்பவர் தம் எழுத்தெல்லாம் அழிந்துவிட்டதாகவே நினைப்பார்.

அடுத்து, பென்டிரைவிலிருந்தே லினக்ஸை இயக்கிச் சோதியுங்கள். வைஃபை, ஒலி, கேமரா, முக்கியமாக அவர் வைத்திருக்கும் பிரிண்டர். சில லேசர் பிரிண்டர்கள் லினக்ஸில் படாதபாடு படுத்தும். அதை நிறுவுவதற்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லது. வேகத்தை மட்டும் இதை வைத்து எடைபோடாதீர்கள், பென்டிரைவில் எல்லாமே மெதுவாகத்தான் ஓடும்.

கடைசியாக, மீட்க முடியாத தவறு. நிறுவும்போது வட்டை முழுவதும் அழிக்கும் தெரிவைச் சொடுக்கினால் பேரப்பிள்ளைகளின் படங்களும் சேர்ந்தே போகும். மின்டில் டைம்ஷிஃப்ட் இருக்கிறதே என்று பலர் தைரியமாக இருக்கிறார்கள். அது இயங்குதளத்தை முந்தைய நிலைக்குக் கொண்டுவரும் கருவி. நாமாக மாற்றாதவரை சொந்தக் கோப்புகளை அது சேமிப்பதில்லை. படங்களையும் ஆவணங்களையும் வெளிவட்டில் நகலெடுங்கள். அந்த வட்டை வேறொரு கணினியில் செருகி, நாலைந்து படங்களையாவது திறந்து பார்த்த பிறகே நிறுவத் தொடங்குங்கள்.