காது வெட்டாமல் ஆந்தை பொம்மை

டிஷ்யூ ரோல் தீர்ந்ததும் மிஞ்சும் அட்டைக் குழாயின் மேல் விளிம்பை முன்பக்கம் ஒரு முறை, பின்பக்கம் ஒரு முறை உள்ளே மடக்கி அழுத்துங்கள். இரண்டு ஓரமும் ஆந்தைக் காது போல நிமிர்ந்து நிற்கும். வளைவான மடிப்பு தானாகவே பிடித்து நிற்பதால் காதுக்குப் பசையும் கத்தரிக்கோலும் தேவையில்லை, சின்னப் பிள்ளைகளே மடக்கிவிடுவார்கள். கண்ணுக்கு வெள்ளைத்தாள் வட்டம், நடுவில் கறுப்பு ஸ்டிக்கர் பொட்டு.

ஆந்தையின் தலையில் இப்படி நிமிர்ந்து நிற்பவை நிஜத்தில் காது அல்ல, வெறும் இறகுக் கொத்து. காது தலையின் பக்கவாட்டில் இறகுக்குள் மறைந்திருக்கும். செய்யும்போதே இதையும் சொல்லிவிடலாம்.

ஃபாயில் சுற்றி வரும் கெட்டிக் குழாய் இப்படி மடங்காது. அப்புறம், கூகை என்ற ஆந்தை வகையைச் செய்வதானால் மடக்கவே வேண்டாம். அதற்கு அந்த இறகுக் கொத்து கிடையாது, இதய வடிவ முகம்தான்.