புது கோச் வந்த ஐஸ் ஹாக்கி சீசனை எப்படிப் பார்ப்பது?

புள்ளிப் பட்டியலை மட்டும் வைத்துப் புது கோச்சுக்குத் தீர்ப்பு எழுதாதீர்கள். ஃபுளோரிடா பாந்தர்ஸ் அணி 2021-22ல் 122 புள்ளிகளோடு வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கான என்எச்எல்லில் முதலிடம். அடுத்த சீசனில் பால் மாரிஸ் பொறுப்பேற்றதும் 92தான், கிழக்குப் பிரிவுக்கான கடைசி பிளேஆஃப் (கோப்பைக்கான நாக்அவுட் சுற்று) இடத்தைப் பிடித்துத் தட்டுத்தடுமாறி உள்ளே நுழைந்தார்கள்.

முதலில், கோச்சோடு சேர்ந்து வேறு என்ன மாறியது என்று பாருங்கள். அந்தக் கோடையில் பாந்தர்ஸின் முக்கிய வீரர்களான ஹியூபர்டோவும் வீகரும் கால்கரி அணிக்குப் போனார்கள், அங்கிருந்து மாத்யூ கச்சக் வந்தார். இவ்வளவு பெரிய மாற்றத்தை ஒருவர் தலையில் கட்டுவது நியாயமே இல்லை.

அப்புறம் மேட்ச் பார்க்கும்போது கண்ணால் பக்கை (பந்துக்குப் பதிலாக ஆடும் ரப்பர் வட்டு) துரத்தாமல், பக் இல்லாத வீரர்களைக் கவனியுங்கள்: எதிரணி தன் எல்லையிலிருந்து பக்கை வெளியே கொண்டுவர முயலும்போது எத்தனை பேர் போய் நெருக்குகிறார்கள், பக் பறிபோனதும் ஃபார்வர்டுகள் எவ்வளவு வேகமாகத் திரும்பி ஓடி வருகிறார்கள், ஒரு கோல் முன்னிலையில் கடைசி நிமிடங்களில் கோச் யாரை நம்பி இறக்குகிறார். கோச்சின் கைவண்ணம் இங்கேதான் தெரியும். கோல்கீப்பரின் ஆட்டத்தைத் தனியாக எடைபோடுங்கள். அவர் அபாரமாக ஆடினால் அணியின் ஓட்டைகள் கண்ணுக்குத் தெரியாது.

பிளேஆஃப் முடியும்வரை பொறுங்கள். அதே பாந்தர்ஸ் அந்த 92 புள்ளி சீசனிலேயே, லீக் ஆட்டங்களில் 65 வெற்றி பெற்ற பாஸ்டன் அணியை 7 ஆட்டங்களில் வீழ்த்தி இறுதிச்சுற்றுவரை போனார்கள், 2024லும் 2025லும் என்எச்எல் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பையையே வென்றார்கள்.