ரப்பர் ஈலுக்குத் தொட்டி அமைப்பது எப்படி?

கடையில் 'ரப்பர் ஈல்' என்று விற்கிறார்களே, அது மீனே அல்ல. தவளைக்கு உறவான, காலில்லாத சிசிலியன். டிஃப்லோனெக்டெஸ் நாட்டன்ஸ் என்ற இனம். கொலம்பியாவின் மக்தலேனா ஆற்றுப் பகுதியும் வெனிசுவேலாவின் மரக்கைபோ ஏரிப் பகுதியும் இதன் சொந்த இடம். அங்கே தண்ணீர் வெதுவெதுப்பாக, மெதுவாக ஓடும். தொட்டியும் அப்படியே இருக்க வேண்டும் என்பதில் நான் கறார்.

முதலில் மூடி. சின்ன இடுக்கு கிடைத்தால் போதும், வெளியேறித் தரையில் காய்ந்து செத்துவிடும். ஃபில்டர் குழாய் நுழையும் ஓட்டையைக்கூட ஸ்பாஞ்ச் வைத்து அடையுங்கள். ஆனால் இது நுரையீரல் உள்ள பிராணி, மேலே வந்து மூச்சு வாங்கும். அதனால் தண்ணீருக்கும் மூடிக்கும் நடுவே நல்ல இடைவெளி விடுங்கள்.

அடியில் மெல்லிய மணல் போடுங்கள், கூரான சரளை தோலைக் கிழிக்கும். ஒளிந்துகொள்ள வழவழப்பான பிவிசி குழாய்த் துண்டுகள் போதும். வெப்பம் 26 டிகிரியை ஒட்டி இருக்கட்டும். ஹீட்டருக்கு உறை கட்டாயம். தண்ணீரில் குளோரின் கூடாது. மீனுக்குப் போடும் மருந்தை இதற்கும் போட்டுவிடாதீர்கள், அந்தத் தோல் எல்லாவற்றையும் உறிஞ்சிக்கொள்ளும்.

சாப்பாட்டுக்கு மண்புழு, விளக்கை அணைத்த பிறகு. கண் மங்கல்தான், வாசனை பிடித்தே வந்துவிடும்.

அப்புறம், இது குட்டி போடும். பிறந்த குட்டியின் கழுத்தில் பெரிய சவ்வு போலத் தொங்குவது செவுள். சீக்கிரமே தானாக உதிரும், கை வைக்காதீர்கள்.