பாடத்துக்கு இணையத் தகவல்: எடுக்கும் முன்னும் எடுத்த பின்னும்

"இந்தத் தளத்தை நம்பலாமா?" என்ற கேள்வியோடு தொடங்கினால் பதில் கிடைக்காது. தனிம அட்டவணைக்கு விக்கிப்பீடியாவைத் தயங்காமல் திறக்கலாம். அதிகம் பேருக்குத் தெரியாத ஒருவரின் வாழ்க்கைக் குறிப்புக்குப் போனால் அதே விக்கிப்பீடியா காலை வாரிவிடலாம். அரசுத் துறைத் தளமும் அப்படித்தான்: புள்ளிவிவரத்துக்கு நல்ல மூலம், தன் திட்டத்தின் வெற்றியைப் பற்றிச் சொல்லும்போது விளம்பரம். எனவே தளத்துக்கு மதிப்பெண் போடுவதை விட்டுவிட்டு, நாளை கரும்பலகையில் எழுதப்போகும் அந்த ஒரு வரியைச் சோதியுங்கள்.

தேடும் முன் ஒரு பட்டியல்

40 நிமிட வகுப்புக்கு வெளியிலிருந்து உண்மையில் தேவைப்படுவது ஐந்தாறு தகவல்கள்தான். ஓர் ஆண்டு, இரண்டு எண்கள், ஒரு வரையறை, ஒரு படம். தேடுபொறியைத் திறக்கும் முன் அவற்றைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எழுதாமல் தேடினால் கண்ணில் பட்ட சுவாரசியமெல்லாம் பாடத்துக்குள் நுழைந்துவிடும், தேவையானது விட்டுப்போகும்.

பட்டியலில் எதெல்லாம் மாணவர் நோட்டில் ஏறுமோ அதற்கு ஒரு நட்சத்திரம் போடுங்கள். நட்சத்திரம் போட்டதற்கு ஒன்றையொன்று சாராத இரண்டு மூலங்கள் வேண்டும், மற்றதற்கு ஒன்று போதும். எல்லாவற்றையும் ஒரே கறாரோடு சோதிக்க யாருக்கும் நேரம் கிடையாது. அப்படித் தொடங்குபவர்கள் சீக்கிரமே சோதிப்பதையே விட்டுவிடுகிறார்கள்.

ஒன்றையொன்று சாராத என்பதைக் கவனியுங்கள். பத்துத் தளங்களில் ஒரே தகவல் இருந்தால் பத்துச் சாட்சிகள் என்று பொருளில்லை. அந்த வாக்கியத்திலிருந்து சற்று விசித்திரமான ஏழெட்டுச் சொற்களை எடுத்து, இரட்டை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுங்கள். சொல் மாறாமல் பல இடங்களில் வந்தால் அத்தனையும் ஒரே மூலத்தின் நகல்கள், கணக்கில் ஒன்றுதான்.

பக்கத்தை விட்டு வெளியே வாருங்கள்

பழைய சரிபார்ப்புப் பட்டியல்கள் பக்கத்துக்குள்ளேயே பார்க்கச் சொல்லும்: வடிவமைப்பு சுத்தமாக இருக்கிறதா, 'எங்களைப் பற்றி' இருக்கிறதா, முகவரி 'டாட் ஆர்க்' என்று முடிகிறதா. இவை அனைத்தும் தளத்தை நடத்துபவர் தன் கையாலேயே அமைத்துக்கொள்ளக்கூடியவை. டாட் ஆர்க் முகவரியை யார் வேண்டுமானாலும் வாங்கலாம். மார்ட்டின் லூதர் கிங்கின் பெயரையே முகவரியாகக் கொண்ட ஒரு டாட் ஆர்க் தளத்தை, அமெரிக்க வெள்ளையின வெறி அமைப்பு ஒன்று பல ஆண்டுகள் நடத்திவந்தது. பள்ளிப் பிள்ளைகளைக் குறிவைத்தே எழுதப்பட்டிருந்தது அது.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் 2017இல் வெளியிட்ட ஆய்வில், 10 வரலாற்றறிஞர்கள், 10 தொழில்முறைத் தகவல் சரிபார்ப்பாளர்கள், 25 கல்லூரி மாணவர்கள் ஆகியோரிடம் சில தளங்களைக் கொடுத்தார்கள். அவற்றில் இரண்டு, குழந்தை மருத்துவர் அமைப்புகளுடையவை. ஒன்று 1930இல் தொடங்கி 60 ஆயிரத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்களைக் கொண்டது. மற்றொன்று 2002இல் அதிலிருந்து பிரிந்துபோன சிறு குழு. பெயரும் தோற்றமும் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும். மாணவர்களில் பலரும் அறிஞர்களில் சிலரும் பக்கத்தை மேலிருந்து கீழ்வரை படித்தே ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்கள் பக்கத்தைப் படிக்கவே இல்லை என்றுகூடச் சொல்லலாம். வந்ததும் வேறு டேப்களைத் திறந்து, இந்த அமைப்பைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தார்கள்.

நீங்களும் அதையே செய்யுங்கள். புதிய டேபில் அமைப்பின் பெயரோடு 'யார் நடத்துகிறார்கள்', 'நிதி', 'விமர்சனம்' என்று ஏதாவது ஒரு சொல்லைச் சேர்த்துத் தேடுங்கள். முடிவுகள் வந்ததும் முதல் லிங்கை அழுத்தாமல், ஒரு முழுப் பக்க முடிவுகளின் முகவரிகளையும் சிறு குறிப்புகளையும் கண்ணால் ஓட்டுங்கள். எதைத் திறப்பது என்று அதற்குப் பிறகு முடிவு செய்யலாம். இதற்கு மூன்று நிமிடம் போதும். மூன்று நிமிடத்தில் நடத்துபவர் யார் என்றே தெரியவில்லையென்றால் அந்தத் தளத்தை விட்டுவிடுங்கள், வேறு தளம் கிடைக்கும்.

விக்கிப்பீடியாவைப் படிக்கும் முறை

2005 டிசம்பரில் 'நேச்சர்' இதழ் 42 அறிவியல் தலைப்புகளில் விக்கிப்பீடியாவையும் பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தையும் நிபுணர்களிடம் கொடுத்து ஒப்பிட்டது. கட்டுரைக்குச் சராசரியாக முன்னதில் நான்கு பிழைகள், பின்னதில் மூன்று. பிரிட்டானிக்கா இதைக் கடுமையாக மறுத்தது, நேச்சர் பின்வாங்கவில்லை. விக்கிப்பீடியாவுக்கு ஆதரவாகப் பேசுபவர்கள் இன்றும் இதை எடுத்துக்காட்டுகிறார்கள். ஆனால் அது அறிவியல் தலைப்புகள், அதுவும் ஆங்கிலப் பதிப்பு. வரலாறு, அரசியல், வாழ்க்கை வரலாறு பற்றியோ தமிழ்ப் பதிப்பு பற்றியோ அது ஒன்றும் சொல்லவில்லை.

கட்டுரையின் தலைப்புக்குக் கீழே எச்சரிக்கைப் பட்டை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு உங்களுக்கு வேண்டிய வரியின் முடிவில் அடிக்குறிப்பு எண் இருக்கிறதா என்று பாருங்கள். எண் இல்லையென்றால், அல்லது 'சான்று தேவை' என்று இருந்தால், அந்த வரியை எடுக்காதீர்கள். எண் இருந்தால் அதை அழுத்தி மூலத்தைத் திறந்தே ஆக வேண்டும். இங்கேதான் பலர் சோம்பிவிடுகிறார்கள். திறந்தால் மூன்றில் ஒன்று நடக்கும். லிங்க் செத்திருக்கும்; அப்போது முகவரியை நகலெடுத்து இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெஷினில் போட்டால் பழைய நகல் பெரும்பாலும் கிடைக்கும். அல்லது மூலம் திறக்கும், ஆனால் அந்தத் தகவல் அதில் இருக்காது. இது நினைப்பதைவிட அதிகம் நடக்கிறது. காரணம், அடிக்குறிப்பு போட்ட பிறகு வேறொருவர் வாக்கியத்தை மாற்றியிருப்பார். மூன்றாவது, தகவல் அப்படியே இருக்கும். அப்போது நீங்கள் மேற்கோள் காட்ட வேண்டியது அந்த மூலத்தை, விக்கிப்பீடியாவை அல்ல.

அடுத்து 'வரலாறு' பகுதிக்குப் போங்கள். ஒவ்வொரு வரியிலும் நாள், தொகுத்தவர், கூடிய குறைந்த பைட்டுகள் இருக்கும். நேற்றோ இன்றோ பெரிய மாற்றம் நடந்திருந்தால் ஒரு வாரத்துக்கு முந்தைய வடிவத்தைத் திறந்து ஒப்பிடுங்கள். கூட்டலும் கழித்தலும் மாறிமாறி ஒரே எண்ணில் வந்தால் இருவர் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். என்ன சண்டை என்பது 'உரையாடல்' பக்கத்தில் இருக்கும், சில சமயம் கட்டுரையைவிட அதுதான் பாடத்துக்குப் பயன்படும். தமிழ்ப் பதிப்பில் ஒரு சின்னக் கணக்கு: கணினியில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு (எழுத்து அல்லது அதோடு சேரும் குறி) மூன்று பைட் பிடிக்கும், அதனால் +3000 என்று தெரிவது ஆயிரம் குறியீடுகள் அளவுக்கான சேர்க்கைதான். பெரிய மாற்றம் என்று பதற வேண்டாம்.

தமிழ்க் கட்டுரைகளில் தனியாகக் கவனிக்க வேண்டியது காலம். பல கட்டுரைகள் ஆங்கிலத்திலிருந்து ஒருமுறை பெயர்க்கப்பட்டு அப்படியே நிற்கின்றன. ஆங்கிலத்தில் எண் மாறியிருக்கும், தமிழில் மாறியிருக்காது. எண்கள் எல்லாவற்றையும் இரண்டு மொழியிலும் ஒப்பிடுங்கள். ஒப்பிடும்போது கோடிக் கணக்கிலும் ஒரு கண் இருக்கட்டும்: ஒரு மில்லியன் பத்து லட்சம், ஒரு பில்லியன் நூறு கோடி. பில்லியனைக் கோடி என்று எழுதி நூறு மடங்கு குறைத்துவிடுவது செய்தித் தளங்களிலேயே நடக்கிறது.

முடிந்ததும் உங்கள் குறிப்பில் சேமிக்க வேண்டியது 'நிலையான இணைப்பு', அதாவது நீங்கள் பார்த்த அந்த வடிவத்தையே எப்போதும் காட்டும் முகவரி. சாதாரண முகவரியைச் சேமித்தால், மாணவர் திறக்கும்போது நீங்கள் பார்த்த கட்டுரை அங்கே இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

சுற்றிச் சுற்றி வரும் பொய்

மின்சார டோஸ்டரை 1893இல் கண்டுபிடித்தவர் என்று ஸ்காட்லாந்துக்காரர் ஒருவரைப் பற்றி 2012இல் ஆங்கில விக்கிப்பீடியாவில் விளையாட்டாக எழுதிவைத்தார்கள். அங்கிருந்து அது செய்தித்தாள்களுக்கும் புத்தகங்களுக்கும் போனது. 2022இல் 15 வயது மாணவர் ஒருவர், அந்தக் கட்டுரையில் இருந்த 'பழைய' புகைப்படம் திருத்தப்பட்டதுபோல் இருக்கிறதே என்று சந்தேகப்பட்ட பிறகுதான் குட்டு வெளிப்பட்டது. பத்தாண்டுகள்!

விக்கிப்பீடியாவைப் பார்த்துச் செய்தித்தாள் எழுத, செய்தித்தாளைச் சான்றாகக் காட்டி விக்கிப்பீடியா உறுதிப்பட, வட்டம் பூர்த்தியாகிவிடும். இதைப் பிடிக்க நல்ல வழி தேதி. சான்றாகக் காட்டப்படும் கட்டுரை எந்த ஆண்டில் வந்தது, அந்த வாக்கியம் விக்கிப்பீடியாவில் எந்த ஆண்டில் சேர்ந்தது என்று 'வரலாறு' பகுதியில் பாருங்கள். சான்று பிந்தியதாக இருந்தால், விக்கிப்பீடியா பிறந்த 2001க்கு முன் அச்சான ஏதாவது ஒன்றில் அந்தத் தகவல் இருக்கிறதா என்று தேடுங்கள். நூறாண்டுப் பழைய சங்கதிக்கு 2001க்கு முன் ஒரு சான்றும் இல்லையென்றால் அதைப் பாடத்தில் சேர்க்காதீர்கள்.

எண்ணுக்குப் பக்கத்தில் ஆண்டு

எவரெஸ்ட்டின் உயரம் 8848 மீட்டரா, 8850 மீட்டரா, 8848.86 மீட்டரா? மூன்றும் இணையத்தில் உண்டு, மூன்றும் உண்மையான அளவீடுகள். முதலாவது 1955இல் இந்திய நில அளவைத் துறை கணக்கிட்டது. இரண்டாவது 1999இல் ஜிபிஎஸ் கருவியால் அளந்தது. மூன்றாவது 2020 டிசம்பரில் நேபாளமும் சீனாவும் சேர்ந்து அறிவித்தது. சனிக் கோளின் நிலவுகள் 2019இல் 82. 2025 மார்ச்சில் 274. புதிதாகக் கண்டுபிடிக்கக் கண்டுபிடிக்க ஏறுகிறது.

இப்படிப்பட்ட எண்ணைப் பலகையில் தனியாக எழுதாதீர்கள். யார் அளந்தது, எந்த ஆண்டு என்று அடைப்புக்குறிக்குள் சேர்த்தே எழுதுங்கள். பக்கத்தின் அடியில் இருக்கும் 'கடைசியாகப் புதுப்பித்தது' தேதியை இதற்கு நம்ப வேண்டாம். பல தளங்களில் அது தானாகவே இன்றைய தேதியைக் காட்டும்.

செயற்கை நுண்ணறிவு தரும் பதில்

தேடல் முடிவுகளுக்கு மேலே வரும் சுருக்கமும் சாட்பாட் தரும் பதிலும் மூலங்கள் அல்ல. இல்லாத ஆய்வுக்கட்டுரைக்குத் தலைப்பு, ஆசிரியர், இதழ், ஆண்டு எல்லாம் பொருத்தமாகப் போட்டுக் கொடுக்கும் பழக்கம் இவற்றுக்கு உண்டு. ஆய்வுக்கட்டுரையைக் காட்டினால் அதன் டிஓஐ எண்ணை (ஒவ்வொரு ஆய்வுக்கட்டுரைக்கும் தரப்படும் தனி அடையாள எண்) டிஓஐ தளத்தில் போட்டுப் பாருங்கள்; திறக்கவில்லை என்றாலோ வேறு கட்டுரை திறந்தாலோ கதை முடிந்தது. எந்தச் சொல்லைப் போட்டுத் தேடுவது என்று தெரியாதபோது கேட்டுக்கொள்ள மட்டும் இவை உதவும். அதற்குமேல் இடம் கொடுக்க வேண்டாம்.

படங்கள்

கூகுள் படத்தேடல் கடைத்தெருவைக் காட்டும், படம் யாருடையது என்று சொல்லாது. படத்தையே தேடுபொறியில் ஏற்றிப் பின்னோக்கித் தேடி முதலில் வெளியான இடத்துக்குப் போங்கள், அல்லது நேராக விக்கிமீடியா காமன்ஸ் என்ற இலவசப் படக் களஞ்சியத்தில் தொடங்குங்கள். படத்தைப் பிறர் பயன்படுத்த உரியவரே முன்கூட்டித் தரும் அனுமதி கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம். அதில் 'பை' என்றால் உரியவர் பெயரைக் குறிப்பிட வேண்டும். 'எஸ்ஏ' என்றால் நீங்கள் மாற்றியதையும் அதே உரிமத்தில் தர வேண்டும். 'என்சி' என்றால் வணிகத்துக்குக் கூடாது, விலைக்கு விற்கும் வழிகாட்டி நூலில் சேர்க்க முடியாது. ஆசிரியர்கள் தெரியாமல் மீறுவது, மாற்றக் கூடாது என்னும் 'என்டி'யைத்தான். படத்தில் உள்ள ஆங்கிலப் பெயர்களை அழித்துவிட்டுத் தமிழில் எழுதினால் அது மாற்றம். என்டி உரிமப் படத்தை அப்படி மாற்றிப் பிறருக்குப் பகிர முடியாது. தமிழ்ப் பாடத்துக்குப் படம் தேடும்போது என்டி இருந்தால் ஆரம்பத்திலேயே கடந்துவிடுங்கள். படத்தின் கீழே தலைப்பு, உருவாக்கியவர், எடுத்த இடம், உரிமம் என நான்கையும் ஒரே வரியில் போடுங்கள்.

வகுப்பறையில்

இணையம் வகுப்பு நேரத்தில்தான் படுத்துக்கொள்ளும். முந்தைய நாளே பக்கங்களை பிடிஎஃப் ஆக்கிவைத்துக்கொள்ளுங்கள். இணைப்பே இல்லாத பள்ளி என்றால் கிவிக்ஸ் என்ற இலவசச் செயலி மூலம் விக்கிப்பீடியாவை மொத்தமாக இறக்கி வைக்கலாம். படங்கள் இல்லாத வடிவம் கணிசமாகச் சிறியது.

'விக்கிப்பீடியா பார்க்கக் கூடாது' என்று தடை போடுவதால் பயன் இல்லை. அதையே நகலெடுத்த வேறொரு தளத்தின் பெயரைப் போட்டு எழுதி வருவார்கள். அதற்குப் பதிலாக ஒப்படைப்பில் முக்கியமான மூன்று வாக்கியங்களுக்கு மட்டும் இவற்றைக் கேளுங்கள்: வாக்கியம், அடிக்குறிப்பில் இருந்த மூலத்தின் லிங்க், பார்த்த நாள், இரண்டாவது மூலம் என்ன சொல்கிறது. மதிப்பெண்ணில் ஒரு பகுதியை இதற்கு ஒதுக்கினால்தான் செய்வார்கள்.

பயிற்சிக்குப் பலரும் எடுப்பது 'மரத்தில் வாழும் ஆக்டோபஸ்' தளம். 1998இல் கேலிக்காக உருவாக்கப்பட்டது. 2006இல் அமெரிக்காவின் கனெக்டிகட் பல்கலைக்கழக ஆய்வில், நன்றாகப் படிப்பவர்கள் என்று தேர்ந்தெடுக்கப்பட்ட 25 ஏழாம் வகுப்பு மாணவர்களில் ஏறத்தாழ எல்லாரும் அதை நம்பினார்கள். வேடிக்கையாக இருக்கும், ஆனால் இதை மட்டும் வைத்து நடத்துவது நல்லதல்ல. பொய்த் தளங்களை மட்டுமே காட்டினால் 'இணையத்தில் எல்லாம் பொய்' என்ற ஒரே பாடத்தைக் கற்றுக்கொண்டு போவார்கள். அப்படிப்பட்ட மாணவர் நல்ல மூலத்தையும் ஒதுக்குவார்.

எனவே ஆறு கூற்றுகள் கொடுங்கள்: மூன்று உண்மை, இரண்டு பொய், ஒன்று காலாவதியானது. உண்மையில் ஒன்றாவது நம்ப முடியாததுபோல் இருக்கட்டும். ஆக்டோபஸுக்கு மூன்று இதயங்கள் என்பது நன்றாக வேலை செய்யும். இருவர் இருவராக உட்கார வைத்து, கூற்றுக்கு ஐந்து நிமிடம். விடையைவிட எந்த வழியாகப் போனார்கள் என்பதை எழுதச் சொல்லுங்கள். தேடிய சொற்கள் என்ன, எந்த முடிவைத் திறந்தார்கள், எதை ஏன் திறக்கவில்லை. சின்ன வகுப்புகளுக்கு வெறும் தேடல் வேண்டாம், நீங்களே தேர்ந்த மூன்று லிங்குகளைக் கொடுத்து அதற்குள் ஒப்பிடச் சொல்லுங்கள்.

பாடநூல் ஒன்று சொல்ல, நம்பகமான தளம் வேறொன்று சொல்லும் நாள் கட்டாயம் வரும். பாடநூல் தப்பு என்று உடனே அறிவித்துவிட்டால் பிள்ளைகள் தேர்வில் தடுமாறுவார்கள். மூடி மறைத்தால் அவர்களே கண்டுபிடித்து உங்களைக் கேட்பார்கள். பாடநூலின் பதிப்பு ஆண்டைப் பார்த்து இரண்டு எண்களையும் ஆண்டோடு பலகையில் எழுதுங்கள். தேர்வில் பாடநூலில் உள்ளதை எழுதச் சொல்லுங்கள். புதிய மூலத்தின் லிங்கோடு பாடநூல் வெளியிடும் அமைப்புக்கு ஒரு கடிதம் எழுதுவதை அந்த வகுப்பிடமே ஒப்படையுங்கள்.