சோலைவரி கூடிவிட்டதா? நான் விட்ட பிழையை நீங்களும் விடாதீர்கள்

மட்டக்களப்பில் யாருக்காவது சோலைவரி, அதாவது வீடு வளவுக்காக ஊர்ச் சபைக்குக் கட்டும் வரி, கூடினால், கடிதம் எழுதித் தரச் சொல்லி என் வாசலுக்கு வந்துவிடுவார்கள். முப்பது வருடம் லிகிதராக இருந்ததன் பலன். வருகிறவர்களில் பாதிப்பேர், அந்தக் காலத்தில் நான் விட்ட அதே பிழையை விட்டுவிட்டுத்தான் வருகிறார்கள். வீட்டு இலக்கத்தை மாற்றி எழுதுவது போன்ற சில்லறைத் தவறுகளை இங்கே சொல்லப் போவதில்லை.

மதிப்பீட்டு அறிவித்தலை லாச்சிக்குள் போடுவது

இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரும். எங்கள் வீட்டு மேல்மாடி அப்போது வெறும் தூணும் கொங்கிறீட் தட்டும்தான். கட்டாரிலிருந்து தம்பி காசு அனுப்ப அனுப்பக் கட்டியது, பாதியில் நின்றுவிட்டது. மதிப்பீட்டுக்கு வந்தவர்கள் வீதியில் நின்று பார்த்து, இரண்டு மாடி வீடு என்று எழுதிக்கொண்டு போனார்கள். பிறகு அறிவித்தல் வந்தது. அம்மா அதைக் கரண்ட் பில்லோடு சேர்த்து லாச்சிக்குள் வைத்தார். நானும் எடுத்துப் பார்த்தேன். கட்ட வேண்டிய காசு எதுவும் அதில் இல்லை, ‘ஆண்டுப் பெறுமதி’ என்று ஓர் இலக்கம் மட்டும் இருந்தது. சரி, பில் வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். கந்தோரில் வேலை பார்த்த எனக்கே அவ்வளவுதான் புத்தி.

பில் வந்ததும் கவுண்டரில் போய்ச் சத்தம் போட்டேன். உள்ளே இருந்த பிள்ளை பொறுமையாகச் சொன்னாள்: “அண்ணன், அந்தத் தாள் வந்து ஒரு மாதத்துக்குள்ள எழுதித் தந்திருக்கணும். மறுகா ஒண்டும் செய்ய ஏலா.”

ஆண்டுப் பெறுமதி என்பது வீட்டின் விற்பனை விலை இல்லை. வீட்டை வாடகைக்கு விட்டால் ஒரு வருடத்துக்கு நியாயமாக என்ன கிடைக்கும் என்ற கணிப்பு. அதன்மேல் சபை ஒரு சதவீதம் போடும். சதவீதத்தோடு தனியாள் மல்லுக்கட்டிப் பயனில்லை, பெறுமதியைத்தான் கேள்வி கேட்கலாம். எங்கள் வீட்டுக்கு 55,000 போட வேண்டிய இடத்தில் 90,000 போட்டிருந்தார்கள். 10 சதவீதம் என்று வையுங்கள், வருடத்துக்கு 3,500 ரூபா கூடுதல். அடுத்த மதிப்பீடு பத்து வருடம் கழித்துத்தான் வந்தது. ஒரு தாளை ஒழுங்காக வாசிக்காததற்கு 35,000 ரூபா.

தாள் வந்த அன்றைக்கே கடைசித் திகதியைக் கலண்டரில் வட்டமிடுங்கள். ஆட்சேபனையை எழுத்தில் கொடுத்து, உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். முடிவு பிடிக்காவிட்டால் நீதிமன்றம் போகவும் வழியுண்டு. அதற்கும் நாள் கணக்கு இருக்கிறது.

கண்ணீர்க் கடிதம்

போன கிழமை ஓர் அக்கா மூன்று பக்கம் எழுதிக்கொண்டு வந்தார். ஓய்வூதியம், விலைவாசி, மகனுக்கு வேலையில்லை. எல்லாம் உண்மை. ஆனால் வீட்டைப் பற்றி ஒரு வரி இல்லை. கேட்டுக் கேட்டுப் பார்த்தால், பின்வளவில் விறகு போடும் தகரக் கொட்டிலையும் ஓர் அறையாகக் கணக்கெடுத்திருக்கிறார்கள்! அதுதானே முதல் வரியில் வர வேண்டும்?

அதே ஒழுங்கையில் அதே அளவு வீடு என்ன வாடகைக்குப் போகிறது, எது கட்டி முடியாதது, மாரியில் முற்றத்தில் எத்தனை நாள் வெள்ளம் நிற்கிறது என்பதையெல்லாம் படத்தோடு கொடுங்கள். கஷ்டத்தைச் சொல்லத் தனிக் கடிதம் எழுதலாம். நிலுவையைத் தவணையாகக் கட்ட அனுமதி கேட்டு எழுதியவர்களுக்கு அது கிடைத்ததைக் கண்டிருக்கிறேன்.

அப்பாவின் பெயரிலேயே விட்டு வைப்பது

நம்முடைய பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போகும். காணி உறுதி மகளின் பெயருக்கு மாறும், சபைப் பதிவேட்டில் அப்பா அப்படியே இருப்பார். அறிவித்தலும் அவர் பெயருக்கே வரும். அவர் இறந்திருப்பார், அல்லது மற்ற மகள் வீட்டில் இருப்பார். உறுதிப் பிரதியோடு போய்ப் பெயரை மாற்றுங்கள்.

எல்லாச் சபைக்கும் ஒரே சட்டம் என்று நினைப்பது

மட்டக்களப்பும் கல்முனையும் மாநகர சபைகள். காத்தான்குடியும் ஏறாவூரும் நகர சபைகள். களுவாஞ்சிக்குடிக்காரருக்குப் பிரதேச சபை, அதற்கு 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம். மூன்று வகைக்கும் சட்டம் வேறு வேறு. பக்கத்து ஊர் மச்சானின் கடிதத்தைப் பார்த்து எழுத வேண்டாம்.

சபை உறுப்பினரைப் பிடிப்பது

தேநீர் கிடைக்கும். பெறுமதி குறையாது.

ஆட்சேபனை போட்டுவிட்டுக் கட்டாமல் இருப்பது

நிலுவை ஏறும். கட்டிக்கொண்டே வாதாடுங்கள்.

ஜனவரியைத் தவறவிடுவது

முழு வருடத்துக்கும் ஜனவரி 31க்குள் கட்டினால் 10 சதவீதம் கழிவு. காலாண்டுக் காலாண்டாகக் கட்டுபவர் அந்தக் காலாண்டின் முதல் மாதத்துக்குள் கட்டினால் 5 சதவீதம். ஆனால் 31ஆம் திகதி மட்டும் போகாதீர்கள். அன்றைக்கு வரிசை வீதி வரைக்கும் நிற்கும்.