சிங்கப்பூர்த் தரைவீட்டில் மின்கார் சார்ஜர்: வயரிங்கில் கவனிக்க வேண்டியவை

முதலில் மெயின் ஸ்விட்சில் எத்தனை ஆம்பியர் என்று எழுதியிருக்கிறது எனப் பாருங்கள். அது இருக்கும் டிபி பெட்டியின் (வீடெங்கும் மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் பெட்டி) மூடியைக் கழற்ற வேண்டாம், முகப்பிலேயே தெரியும். 7.4 கிலோவாட் சார்ஜர் 230 வோல்ட்டில் 32 ஆம்பியர் இழுக்கும். மெயின் 40 ஆம்பியர் என்றால் மிச்சம் 8 தான். உடனடி வாட்டர் ஹீட்டர் ஒன்றைப் போட்டாலே அது தாண்டிவிடும். இப்படிப்பட்ட வீட்டில் சார்ஜரை 16 ஆம்பியருக்குக் குறைத்து வைக்கலாம். இல்லையென்றால், வீட்டின் மொத்தச் சுமையை அளந்து சார்ஜ் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் சென்சார் உள்ள சார்ஜர் வாங்கலாம். மூன்று ஃபேஸ், 400 வோல்ட், 16 ஆம்பியர் இருந்தால் 11 கிலோவாட் கிடைக்கும். ஆனால் காருக்குள் இருக்கும் சார்ஜர் ஒற்றை ஃபேஸ் என்றால் அந்தச் செலவு வீண்.

வேலையை உரிமம் பெற்ற மின்பணியாளர்தான் செய்ய வேண்டும். உரிமத்தைச் சிங்கப்பூர் எரிசக்திச் சந்தை ஆணையத்தின் இணையத்தளத்தில் சரிபார்க்கலாம். சார்ஜர் நிலப் போக்குவரத்து ஆணையம் அங்கீகரித்த மாடலாக இருக்க வேண்டும். பயன்படுத்தத் தொடங்கும் முன் பதிவு செய்யவும் வேண்டும். 2023 டிசம்பரிலிருந்து இது சட்டம்.

டிபி பெட்டியிலிருந்து தனி சர்க்கியூட். வேறெதுவும் அதில் சேரக்கூடாது. கேபிள் அளவில்தான் பலர் காசு மிச்சம் பிடிக்கிறார்கள். 6 சதுர மி.மீ. செம்புக் கேபிளில் 32 ஆம்பியர் 30 மீட்டர் ஓடினால் சுமார் 7 வோல்ட் குறையும். அது 3 விழுக்காடு, பரவாயில்லை. 50 மீட்டரில் 11.7 வோல்ட், அதாவது 5 விழுக்காடு. அங்கே 10 சதுர மி.மீ. போடுங்கள், குறைவு 7 வோல்ட்டுக்கு வந்துவிடும்.

ஆர்சிசிபி (மின்கசிவு இருந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) 30 மில்லி ஆம்பியர், டிசி (நேர் மின்னோட்டம்) கசிவையும் உணரும் டைப் பி. சார்ஜருக்குள்ளேயே 6 மில்லி ஆம்பியர் டிசி கசிவைக் கண்டுபிடிக்கும் வசதி இருந்தால் டைப் ஏ போதும். ஏசி கசிவை மட்டும் உணரும் பழைய டைப் ஏசியை விட்டுவைக்காதீர்கள்: டிசி கசிவு அதன் உட்கருவை மரத்துப்போகச் செய்துவிடும். ஆள் ஷாக் அடித்து நிற்கும்போது அது விழாமல் (மின்சாரத்தைத் துண்டிக்காமல்) போகலாம்.

பழைய வீடுகளில் பெரிய ஆபத்து வயரின் நிறம். 2009க்கு முந்தைய வயரிங்கில் கறுப்பு நியூட்ரல், நீலம் ஒரு ஃபேஸ். இப்போது நீலம் நியூட்ரல், கறுப்பு ஒரு ஃபேஸ். பழையதும் புதியதும் சேரும் இடத்தில் நிறத்தை நம்பாமல் மீட்டரால் அளந்து, இரு முனையிலும் லேபிள் ஒட்டச் சொல்லுங்கள்.

டெர்மினல் திருகுகளைத் தயாரிப்பாளர் சொன்ன டார்க்கில் (இறுக்கும் விசை அளவு) இறுக்க வேண்டும். லைட் சர்க்கியூட்டில் தளர்ந்த திருகு பல ஆண்டு தாங்கும். ஆனால் அதன் வழியே 32 ஆம்பியர் இரவு முழுக்க ஓடினால் பிளாஸ்டிக் பழுப்பாகிக் கருகும். போர்ச்சில் மாட்டினால் ஐபி 54க்குக் (தூசி, தண்ணீர்த் தெறிப்புக்கு எதிரான பாதுகாப்புத் தரம்) குறையாத பெட்டி, கேபிள் நுழைவது அடிப்பக்கத்தில். மேலிருந்து நுழைந்தால் மழைத்தண்ணீர் கேபிளோடு உள்ளே இறங்கும்.

வேலை முடிந்ததும் மின்பணியாளர் சார்ஜரைக் கழற்றிவிட்டு 500 வோல்ட்டில் இன்சுலேஷன் சோதனை (வயர் உறை வழியே கசிகிறதா என்று பார்ப்பது) செய்ய வேண்டும். 1 மெகாஓமுக்குக் கீழே வந்தால் இணைக்கக் கூடாது. எர்த்தையும் அளந்து, ஆர்சிசிபி விழும் நேரத்தையும் சோதித்து அறிக்கையில் எழுதித் தரச் சொல்லுங்கள். முதல் முறை முழு வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடிய பிறகு, டிபி பெட்டியின் மூடியைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். ஒரே இடத்தில் சூடு தெரிந்தால் சார்ஜை நிறுத்திவிட்டு மின்பணியாளரை மறுபடி கூப்பிடுங்கள்.